ஒரே ஒரு எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரில் ‘33’ என்று ஒரு எபிசோடு. அதற்கு நான் முதலில் எழுதிய விமர்சனம் 1,400 வார்த்தை இருந்தது. விண்கப்பல்கள் ஒளியைவிட வேகமாக எப்படித் தாவுகின்றன, 1978-இல் வந்த பழைய தொடரிலிருந்து புதியது எங்கெல்லாம் விலகுகிறது, காட்சிகள் ஏன் கேமராவைக் கையில் பிடித்து எடுத்த மாதிரி ஆடுகின்றன என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. சயின்ஸ் ஃபிக்‌ஷன் பக்கமே வராதவள், அந்த ஒரு எபிசோடை மட்டும் என்னோடு உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

படித்து முடித்துவிட்டு, “எல்லாம் சரிடா. அஞ்சு நாளா அந்தக் கப்பல்ல ஒருத்தரும் தூங்கலையே, அதைப் பத்தி ஒரு வரிகூடக் காணோமே?” என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். தூக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் அந்த எபிசோடு முழுக்கத் தூக்கத்தைப் பற்றியதுதான். எதிரிகளான சைலான்கள் சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கிறார்கள். அதற்குள் தப்பி வந்த கப்பல்கள் எல்லாம் வேறு இடத்துக்குத் தாவியாக வேண்டும். தாவியதும் கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. விமானிகள், பொறியாளர்கள், கமாண்டர், ஜனாதிபதி என்று அத்தனை பேரும் இந்தச் சுழற்சியில் மாட்டிக்கொண்டு கண் மூடாமல் கிடக்கிறார்கள். இதை விட்டுவிட்டு நான் என்ஜினைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அந்த விமர்சனத்தை வெளியிடவில்லை. திரும்ப எழுதினேன். அதற்கு அப்புறம் கடந்த பதினோரு வருடமாக எபிசோடு விமர்சனம் எழுத உட்காரும்போதெல்லாம் இரண்டு கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன். இந்த எபிசோடு என்ன விதி போடுகிறது? அந்த விதி யாரை என்ன பாடு படுத்துகிறது? நீங்கள் எழுதப் போகும் விமர்சனத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் பதில் தேடுவதில்தான் இருக்கிறது. அதை எப்படித் தேடுவது என்று என் வழக்கத்தைச் சொல்கிறேன். நடுவில் சில எபிசோடுகளின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கும். ‘33’, டாக்டர் ஹூ தொடரின் ‘பிளிங்க்’, ‘மிட்நைட்’, ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ‘தி இன்னர் லைட்’ இவற்றைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நான்குமே அதற்குத் தகுதியானவை.

பார்ப்பது

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சாதாரண ரசிகராக உட்கார்ந்து பாருங்கள். எபிசோடு முடிந்த உடனே, எதையும் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், ஐந்தாறு வரி எழுதுங்கள். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்த்தீர்கள், எந்த முகம் மனதில் நிற்கிறது, எது புரியவில்லை. இந்த வரிகள் முதல் தடவை மட்டும்தான் கிடைக்கும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். அப்போது வரும் உணர்ச்சி வேறு.

பார்க்கும் முன் ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: வரிசை. ஃபயர்ஃப்ளை என்ற தொடரை 2002-இல் ஒளிபரப்பியபோது எபிசோடுகளை எடுத்த வரிசையில் போடவில்லை. கதையைத் தொடங்கி வைத்து, பாத்திரங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும் முதல் எபிசோடை அந்த வருடம் டிசம்பரில், கடைசியில் போட்டார்கள். அந்த வரிசையில் பார்த்த ஒருவர் ‘யார் இவர்கள், ஏன் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள்’ என்று குறை சொன்னால், குறை எபிசோடில் இல்லை. பழைய தொடரைத் தேடிப் பார்க்கும்போது நமக்கும் இது நடக்கும். அதேபோல நீங்கள் பார்த்தது டப்பிங்கா, மூல மொழியா என்பதையும் விமர்சனத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிகரின் குரலைப் பற்றி எழுதினால் வேறு யாருடைய உழைப்பையோ அவர் கணக்கில் எழுதுவதாக ஆகிவிடும்.

இரண்டாம் தடவை நோட்டுப் புத்தகம். இடது ஓரத்தில் நிமிடம், வலது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். கருத்து வேண்டாம். ‘33’-க்கு நான் எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘கடிகாரம். முள் ஓடும் சத்தம்.’ ‘விமானிகளுக்கு விழித்திருக்க மாத்திரை. ஸ்டார்பக் வேண்டாம் என்கிறாள்.’ ‘ஜனாதிபதிக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை.’ ‘மழை, காடு, ஹீலோ தனியாக.’ இப்படித்தான் துண்டு துண்டாக இருக்கும். ‘பதற்றமான காட்சி’ என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து அந்தச் சொல் உதவாது. ‘முள் ஓடும் சத்தம்’ என்று எழுதியிருந்தால் காட்சியே திரும்ப வந்துவிடும்.

அந்தப் பக்கத்தின் கீழே ஒரு பெருக்கல் கணக்கும் இருக்கிறது. 237 முறை தாவினார்கள் என்று எபிசோடு சொல்கிறது. 237-ஐ 33-ஆல் பெருக்கினால் 7,821 நிமிடம். 130 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நாளும் பத்து மணி நேரமும். எழுதியவர்கள் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். இதை அக்காவிடம் காட்டியபோது அவள் வேறொன்று சொன்னாள். “அரை மணி நேரம் தூங்கி எழுந்து ஓடுறது இருக்கே, அது தூங்காம இருக்கிறதைவிட மோசம்டா. எந்திரிச்சதும் எந்த வார்டுல நிக்கிறோம்னே தெரியாது.” 33 என்ற எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து நிமிடம் என்றால் யாரும் படுக்கவே மாட்டார்கள். மூன்று மணி நேரம் என்றால் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். 33 நிமிடம் ஆசை காட்டும், ஆனால் கொடுக்காது. திருத்தி எழுதிய விமர்சனத்தில் நான் பெருமையோடு வைத்துக்கொண்ட பத்தி இதுதான்.

விதியைப் பிடிப்பது

விதி என்று நான் சொல்வது, நம் உலகில் இல்லாத, ஆனால் அந்த எபிசோடில் உண்மையாக இருக்கிற ஒன்று. அதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 2007-இல் வந்த ‘பிளிங்க்’குக்கு இப்படி எழுதலாம்: அந்தச் சிலைகள் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நிற்கும், கண் இமைத்தால் பக்கத்தில் வந்துவிடும். அவ்வளவுதான். எழுதியதும் உங்கள் நோட்டைத் திரும்பப் பார்த்தால், எடுத்தவர்கள் அந்த விதியைக் கேமராவுக்கும் வைத்திருப்பது தெரியும். சிலைகள் நகர்வதை நாம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. கதாநாயகி ஸாலி ஸ்பாரோ திரும்பிக்கொண்டாலும், பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் ஒரு ஜோடிக் கண் என்பதுபோல அவை அசையாமல் நிற்கின்றன. இத்தனைக்கும் அவை வேடமிட்டு அசையாமல் நிற்கும் நடிகைகள். தொடரின் நாயகனான டாக்டரே அதிகம் வராத எபிசோடு அது. பெரும்பாலும் டிவிடியில் பதிவான முகமாகத்தான் வருகிறார். அவர் இல்லாமலேயே நிற்கிறது என்றால் காரணம் அந்த விதியின் உறுதிதான்.

விதியைச் சொல்ல மூன்று ‘ஆனால்’ தேவைப்பட்டால் எபிசோடில் ஏதோ சிக்கல் என்று அர்த்தம். எந்த ‘ஆனால்’ கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பத்து நிமிடத்தில், நாயகனைக் காப்பாற்றுவதற்காக நுழைந்திருக்கும். குறையாகச் சுட்ட வேண்டிய இடம் அதுதான். அதை நேராகவே எழுதுங்கள்.

சில எபிசோடுகளில் விதி படிப்படியாக ஏறும். 2008-இல் வந்த ‘மிட்நைட்’ இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம். வெளியே இறங்கினால் சூரிய ஒளியே கொன்றுவிடும் ஒரு கோளில், சுற்றுலா வண்டிக்குள் சில பேர். வெளியிலிருந்து யாரோ தட்டும் சத்தம். அப்புறம் ஸ்கை என்ற பெண் மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். முதலில் அவர்கள் பேசி முடித்த பிறகு. அடுத்து, அவர்களோடு ஒரே நேரத்தில். கடைசியில், டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே. கிராஃபிக்ஸில் ஒரு பிராணி கிடையாது. உள்ளே புகுந்தது என்னவென்று கடைசிவரை காட்டுவதும் இல்லை. இரண்டு குரல், அவற்றுக்கு நடுவே மாறிக்கொண்டே போகும் இடைவெளி. இதைப் பற்றி எழுதும்போது கதையைச் சொல்வதைவிட இந்த மூன்று படியைச் சொன்னால் போதும், படிப்பவருக்குக் காது சில்லிட்டுவிடும்.

இப்போது இரண்டாம் கேள்வி: யாரைப் பாடு படுத்துகிறது? ‘மிட்நைட்’டில் எல்லோரையும் காப்பாற்ற, வண்டியின் பணிப்பெண் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு தானும் வெளியே போய்விடுகிறாள். அவள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்கிறார். உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. விதியின் விலை அங்கே கட்டப்படுகிறது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ‘மிட்நைட்’ பற்றி யாராவது எழுதினால் என்னால் அதை முழு விமர்சனமாக எடுத்துக்கொள்ள முடியாது.

விலையை யாருமே கட்டாத எபிசோடுகளும் உண்டு. எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பி, சிரித்துக்கொண்டே அடுத்த வாரத்துக்குப் போய்விடுவார்கள். அவை சில சமயம் நன்றாகவே ஓடும். ரசித்தால் ரசித்தேன் என்று எழுதுங்கள். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிவியலை எவ்வளவு சோதிப்பது

எபிசோடு தன் சொந்த விதியை மீறுகிறதா என்பதை முதலில் பாருங்கள். உலகத்து இயற்பியலை மீறுகிறதா என்பது அடுத்த கேள்வி. விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கக் கூடாது; வெற்றிடத்தில் ஒலி போகாது. இது எல்லோருக்கும் தெரியும், எடுத்தவர்களுக்கும் தெரியும். முதல் எபிசோடிலிருந்து சத்தம் வைத்திருக்கும் தொடரில் இருபதாவது எபிசோடில் போய் இதைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபயர்ஃப்ளை மாதிரி விண்வெளியை மௌனமாகவே வைத்திருக்கும் தொடரில், அந்த மௌனம் ஒரு காட்சிக்கு என்ன தருகிறது என்று எழுதுவது அதைவிடப் பயனுள்ளது.

தன்னைத் தானே கறாராக வைத்துக்கொள்ளும் தொடரைத்தான் கறாராகச் சோதிக்க வேண்டும். தி எக்ஸ்பேன்ஸ் அப்படி ஒரு தொடர். கற்பனையான ஒரு என்ஜினை மட்டும் நம்பச் சொல்கிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூட இயற்பியல். கப்பலின் தளங்கள் மாடிக் கட்டடம்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், என்ஜின் உந்தும் வேகமே காலுக்குக் கீழே எடையாகும், பாதி வழியில் கப்பலைத் திருப்பி மீதி வழி முழுக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். அதைப் பார்க்கும்போது நான் தாளில் கணக்குப் போட்டேன். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே மிகக் குறைந்த தூரம் சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். பூமியில் நாம் உணரும் அதே எடையில் பாதி வழி வேகம் கூட்டி, பாதி வழி குறைத்தால் 42 மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அதே தூரத்தைக் கடக்க ஒளிக்கே மூன்று நிமிடம் வேண்டும். இரண்டு கோள்களும் விலகி நிற்கும் காலத்தில் இருபது நிமிடத்துக்கு மேல். அதனால் பூமியிலும் செவ்வாயிலும் இருக்கும் இரண்டு பேர் திரையில் சட்டுச்சட்டென்று பதில் பேசிக்கொண்டால் அது பிழை. தொடர் அதுவரை தாமதத்தை மதித்து வந்திருந்தால் பெரிய பிழை.

ஹெல்மெட் இல்லாமல் வெற்றிடத்தில் மாட்டிக்கொள்ளும் காட்சி அடிக்கடி வரும். உடல் வெடித்துச் சிதறாது. 1966-இல் நாசாவின் சோதனை அறை ஒன்றில் ஒருவரின் விண்வெளி உடையில் காற்று வெளியேறிவிட்டது. 14 விநாடி போல நினைவோடு இருந்திருக்கிறார். நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்ததுதான் கடைசி ஞாபகம் என்று பிற்பாடு சொன்னார். பிழைத்தும்கொண்டார். இப்படி ஒரு விவரம் கையில் இருந்தால் ‘லாஜிக் இல்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், பதினைந்து விநாடிக்கு மேல் அந்தப் பாத்திரம் எப்படி விழித்திருந்தது என்று குறிப்பாகக் கேட்கலாம்.

நம் பக்கமும் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்பு நடந்த கதை’ என்று விமர்சனங்களில் பார்க்கிறேன். ஒளியாண்டு காலம் இல்லை, தூரம். ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அதேபோல சூரியக் குடும்பம், விண்மீன், பால்வெளி மண்டலம் மூன்றையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கப்பல் போனது பக்கத்துக் கோளுக்கா, பக்கத்து விண்மீனுக்கா, வேறு மண்டலத்துக்கா என்பது கதையையே மாற்றும். தொடருக்கென்றே உள்ள சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, அது என்ன செய்யும் என்று அரை வரி சேர்த்தால் போதும். வலிந்து மொழிபெயர்த்த சொல்லை அடுத்த விமர்சனத்தில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

பெயர்கள், பணம், நாட்கள்

கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். அமெரிக்கத் தொடர்களில் கதை ஒருவர், திரைக்கதை வேறொருவர் என்று தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டு எழுத்தாளர் பெயருக்கு நடுவே ‘&’ குறி இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர்கள்; ‘அண்ட்’ என்று எழுத்தில் இருந்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தனியாக மாற்றி எழுதியிருப்பார். ஒரு வசனத்துக்காக ஒருவரைத் தூக்கிப் புகழும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. தொடர்களில் ஷோரன்னர், அதாவது மொத்தத் தொடரையும் நடத்தும் தலைமை எழுத்தாளர், கைபடாத வசனம் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணமும் நாளும் எபிசோடின் உருவத்தை முடிவு செய்கின்றன. இருக்கிற செட், இருக்கிற நடிகர்கள் என்று ஒரே இடத்துக்குள் முடித்துவிடுவதை பாட்டில் எபிசோடு என்பார்கள். ஸ்டார் ட்ரெக்கில் ஆட்கள் மின்னி மறைந்து கோளுக்கு இறங்குகிறார்களே, அந்த யோசனை பிறந்ததே ஒவ்வொரு வாரமும் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் இல்லாததால்தான். நெருக்கடி சில சமயம் இப்படி நல்லதைத் தரும். தராமலும் போகும். தி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் இரண்டாம் சீசன் 1989-இல் ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற எபிசோடோடு முடிந்தது. முந்தைய வருடத்து எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் சீசனே சுருங்கிப்போய், பணமும் தீர்ந்த நிலையில், கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரைப் படுக்க வைத்து, பழைய எபிசோடு துண்டுகளை அவர் நினைவுகளாக ஓட்டினார்கள். மூன்று நாளில் எடுத்தது. காரணம் தெரிந்ததால் எபிசோடு நல்லதாகிவிடாது. மோசம் என்று எழுதிவிட்டு, அப்புறம் காரணத்தை எழுதுங்கள். வரிசையை மாற்றினால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும்.

எழுதுவது

கதைச் சுருக்கத்துக்கு நான்கு வாக்கியம். அதற்கு மேல் போனால் எபிசோடை நீங்களே திரும்ப ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஸ்பாய்லருக்கு என் அளவுகோல் எளிமையானது: டைட்டில் முடிந்து முதல் இடைவேளை வரும்வரை நடப்பதைச் சொல்லலாம், அதற்கு அப்பால் போகக் கூடாது. ‘33’ என்றால் 33 நிமிடத் துரத்தலைச் சொல்லலாம். பின்தங்கிப்போன ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிக் கப்பல் என்ன ஆகிறது என்பதைச் சொல்லக் கூடாது. ஆனால் அதைத் தொடாமல் தீர்ப்பும் சொல்ல முடியாது. ‘ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்த ஒரு கப்பலைப் பற்றி கமாண்டர் அடாமாவும் ஜனாதிபதி ரோஸ்லினும் முடிவெடுக்க வேண்டி வருகிறது, அந்தக் கப்பலின் ஜன்னல்களை எபிசோடு தெளிவாகக் காட்டாமல் விடுகிறது, அந்தத் தெளிவின்மைதான் அதன் நேர்மை’ என்று எழுதினேன். பார்த்தவருக்குப் புரியும். பார்க்காதவருக்கு எதுவும் கெடவில்லை.

இரண்டு பாக எபிசோடுகளில் முதல் பாகத்தை மட்டும் விமர்சிக்க நேர்ந்தால் அடுத்ததை ஊகித்து எழுதாதீர்கள். தி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ முதல் பாகம் 1990 ஜூனில் வந்தது, அடுத்தது செப்டம்பரில். தன் கேப்டன் இருக்கும் எதிரிக் கப்பலைச் சுடச் சொல்லி ரைக்கர் உத்தரவிடுவதோடு நின்றது. மூன்று மாதத்துக்கு அதுதான் முடிவு. அந்த உத்தரவு வரை அவரைக் கொண்டுவந்த பாதை சரியாக இருந்ததா என்பதைத்தான் முதல் பாகத்தின் விமர்சனம் பார்க்க வேண்டும்.

இனி சொற்கள். ‘நடிப்பில் பின்னியிருக்கிறார்’, ‘பின்னணி இசை பலம்’, ‘இருக்கை நுனியில் உட்கார வைக்கிறது’ இவை எந்த எபிசோடுக்கும் பொருந்தும். அதனால் எந்த எபிசோடையும் காட்டாது. 1992-இல் வந்த ‘தி இன்னர் லைட்’ பற்றி என் முதல் வரைவில் இப்படி இருந்தது:

‘கடைசிக் காட்சியில் பேட்ரிக் ஸ்டூவர்ட் நடிப்பில் பின்னியிருக்கிறார். குழலிசை மனதை உருக்குகிறது.’

இதை அடித்துவிட்டு, நோட்டில் பார்த்து எழுதியது:

‘கப்பலில் ஓடியது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் கேப்டன் பிக்கார்ட் வேறொரு மனிதனாக, எப்போதோ அழிந்துபோன ஒரு கோளில், ஏறக்குறைய நாற்பது வருடம் வாழ்ந்து முடித்திருக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன். விழித்ததும் ரைக்கர் ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே குழல். பிக்கார்ட் உடனே ஊதவில்லை. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வாசிக்கிறார். நடுவில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை நாம் பார்த்த அதே பாட்டு. அந்தக் கப்பலில் வேறு யாருக்கும் அது தெரியாது. வசனம் இல்லை.’

நீளம் கூடிவிட்டது, உண்மை. ஆனால் அந்த எபிசோடின் விதியும் விலையும் இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. கனவுபோலக் கடந்த வாழ்க்கையிலிருந்து ஒரு பொருள் மட்டும் கையில் மிஞ்சுகிறது. மகன் பாட்டாயாக நடித்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல் என்ற தகவலை எங்கே வைப்பது என்று ரொம்ப யோசித்தேன். இந்தப் பத்திக்குள் வைத்தால் குழல் சத்தம் கெட்டுவிடும். மேலே, நடிகர்களைச் சொல்லும் இடத்தில் வைத்தேன். கையில் இருக்கும் சுவாரசியமான தகவல் ஒவ்வொன்றையும் இப்படிக் கேளுங்கள்: இது இந்த வரிக்கு உதவுகிறதா, இல்லை எனக்குத் தெரியும் என்று காட்டுகிறதா?

நட்சத்திர மதிப்பெண் நான் போடுவதில்லை. போட்டால் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். அதற்குப் பதில், பார்க்கலாமா என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் நேரான பதில் எழுதுகிறேன். தொடரைப் புதிதாகப் பார்ப்பவர் இதிலிருந்து ஆரம்பிக்கலாமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடித்ததும் அந்தத் தொடரைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். ரசிகர்கள் உங்கள் தகவல் பிழையைத்தான் பிடிப்பார்கள். பார்க்காதவர் நீங்கள் எழுதாமல் விட்டதைப் பிடிப்பார். ‘33’-இன் திருத்திய விமர்சனம் 600 வார்த்தையில் முடிந்தது. வெள்ளைப் பலகையில் குறைந்துகொண்டே வந்த எண், கடைசியில் ஒரு குழந்தை பிறந்ததால் ஒன்று கூடி 47,973 ஆவதோடு நிறுத்தியிருந்தேன். அக்கா இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் நின்றபடியே படித்தாள். ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள்: ‘சோர்வு’.

“சோர்வா இருந்தாங்கன்னு எழுதாதடா. பார்க்க எப்படி இருந்தாங்க, அதை எழுது.”

அவள் போன பிறகு எபிசோடை மூன்றாம் தடவை போட்டேன், சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு. முகங்களை மட்டும் பார்த்தேன். சிவந்த கண்கள், மழிக்காத தாடைகள், கடிகாரத்தை விட்டு அகலாத பார்வை. ‘சோர்வு’ இருந்த இடத்தில் அதை எழுதிவிட்டு, விமர்சனத்தை வெளியிட்டேன்.